மண்டையோட்டைத் திறக்காமல்

பெர்ட்டினோ இத்தாலிய விவசாயி. உயரத்திலிருந்து விழுந்த செங்கல் ஒன்று அவருடைய மண்டையோட்டை உடைத்துவிட்டது. உயிர் பிழைத்துக்கொண்டார். ஆனால் தலையில் எலும்பில்லாத ஒரு பள்ளம் தங்கிவிட்டது. அதைத் தோல் மட்டும் மூடியிருந்தது. பச்சைக் குழந்தையின் உச்சிக்குழி துடிப்பதைப் போல, அந்தத் தோலுக்கு அடியில் மூளை துடிப்பது வெளியிலிருந்தே தெரிந்தது.

டூரின் நகரின் உடலியல் பேராசிரியர் ஆஞ்செலோ மோசோவுக்கு இது விட மனசில்லாத வாய்ப்பு. 1870களின் கடைசியில், அந்தப் பள்ளத்தின் மேல் ஒரு கருவியைப் பொருத்தி, ஒவ்வொரு துடிப்பும் சுழலும் காகிதத்தில் கோடாக விழும்படி செய்தார். முன்கையிலும் அதேபோல ஒன்றைக் கட்டினார். நண்பகலில் தேவாலய மணி அடித்தது. கையின் கோடு இருந்தபடியே இருக்க, மூளையின் கோடு மட்டும் உயர்ந்தது. மணிச்சத்தம் ஜெபத்தை நினைவூட்டியதா என்று மோசோ கேட்டார். ஆமாம் என்றார் பெர்ட்டினோ. கோடு மறுபடியும் எழும்பியது. எட்டைப் பன்னிரண்டால் பெருக்கச் சொன்னபோதும் அதே கதைதான்.

மண்டை உடையாதவர்களிடமும் இதைச் சோதித்துப் பார்க்க, 1880களில் மோசோ ஒரு விசித்திரமான தராசைச் செய்தார். ஆள் படுக்கும் நீளத்துக்கு ஒரு பலகை, நடுவில் தாங்குமுனை. படுத்திருப்பவரின் தலைப்பக்கமும் கால்பக்கமும் சமமாக நிற்கும்வரை எடை வைத்துச் சரிக்கட்டுவார். பிறகு யோசிக்க ஏதாவது கொடுப்பார். மூளைக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்ந்தால் தலைப்பக்கம் தாழ வேண்டும். மூச்சு இழுத்து விட்டாலே ஆடக்கூடிய தராசு அது. அதை வைத்து எவ்வளவு தூரம் அளக்க முடியும் என்று சிரிக்கலாம். ஆனால் இன்றைய மூளை ஆராய்ச்சிக் கூடங்களில் கோடிக்கணக்கான ரூபாய் விலையில் நிற்கும் இயந்திரங்களில் ஒன்று நம்பியிருப்பதும் மோசோவின் அதே யோசனையைத்தான்: வேலை நடக்கும் இடத்துக்கு ரத்தம் போகும்.

லத்தியை எண்ணுவது

காட்டில் யானைக் கணக்கெடுப்பு நடக்கும்போது நேரில் கண்ணில் படும் யானைகளை எண்ணுவதோடு லத்தியையும் எண்ணுவார்கள். யானை எத்தனை என்று லத்தி சொல்லும்; ஆனால் லத்தி யானை ஆகாது. எத்தனை நாளில் மக்கும், மழை பெய்ததா என்பதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொண்டால்தான் எண்ணிக்கை சரியாக வரும்.

உயிருள்ள மூளையைப் படமெடுக்கும் கருவிகள் எல்லாமே இப்படித்தான். சிந்தனையை நேராகப் பார்க்கும் கருவி இன்றுவரை ஒன்றுகூடக் கிடையாது. ஒரு கருவி தண்ணீரைப் பார்க்கிறது, ஒன்று மின்னழுத்தத்தை, ஒன்று சர்க்கரையை, இன்னொன்று ரத்தத்திலுள்ள ஆக்ஸிஜனை. ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் கெட்டியான எலும்புப் பெட்டிக்குள் அடைந்து கிடக்கின்றன. உடல் எடையில் 2 சதவீதமே இருக்கும் இந்த உறுப்பு, ஓய்வாக இருக்கும் உடல் செலவழிக்கும் ஆற்றலில் சுமார் 20 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. அவ்வளவு பெரிய செலவாளி தடயம் விடாமல் இருக்க முடியாது. எந்தத் தடயத்தை எந்தக் கருவி பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால், ஸ்கேன் படத்தை எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

காற்றும் இசைத்தட்டும்

முதலில் வந்தது வெறும் உருவத்தைப் பார்க்கும் ஆசை. சாதாரண எக்ஸ்ரேயில் மண்டையோடு பளிச்சென்று விழும். உள்ளே இருக்கும் மூளை விழாது. 1919-ல் அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் வால்டர் டேண்டி ஒரு முரட்டு வழியைக் கண்டுபிடித்தார். முதுகுத்தண்டில் ஊசி போட்டு, மூளையைச் சுற்றியிருக்கும் நீரை வடித்துவிட்டு, அந்த இடத்தில் காற்றை ஏற்றினார். காற்று புகுந்த அறைகள் எக்ஸ்ரேயில் தெரிந்தன. அவை நசுங்கியிருந்தாலோ ஒரு பக்கம் தள்ளப்பட்டிருந்தாலோ அருகில் கட்டி இருக்கிறது என்று ஊகிக்கலாம். நோயாளிகளுக்கோ தாங்க முடியாத தலைவலி, வாந்தி. அப்படியிருந்தும் 1970கள் வரை இந்தச் சோதனை நடந்துகொண்டிருந்தது, வேறு வழி இல்லாததால்.

அந்த வேறு வழி வந்த இடம் யாரும் எதிர்பாராதது. நம் வீடுகளில் நாய்ப் படம் போட்ட எச்.எம்.வி. இசைத்தட்டாக அறிமுகமான பிரிட்டிஷ் நிறுவனம் ஈ.எம்.ஐ. அங்கே பொறியாளராக இருந்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், ஒரு பொருளின் வழியாகப் பல கோணங்களில் எக்ஸ்ரேயைச் செலுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு கதிர் உறிஞ்சப்பட்டது என்ற கணக்கிலிருந்து உள்ளே இருப்பதைக் கணினியால் வரைந்துவிட முடியும் என்று காட்டினார். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியிலிருந்த அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், மூளைக்கட்டி இருப்பதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தலை முதன்முதலாக இப்படிப் படமானது. கட்டி இருந்த இடம் படத்தில் தனியாகத் தெரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு 1979-ல் ஆலன் கார்மக்கோடு சேர்த்து நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் சி.டி. ஸ்கேனில் அடர்த்தியை ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில்தான் குறிக்கிறார்கள்: தண்ணீர் 0, காற்று மைனஸ் 1,000.

பக்கவாதம் என்று ஒருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினால் இன்றும் பெரும்பாலும் முதலில் எடுப்பது சி.டி.தான். ரத்தக் கசிவா, ரத்தக்குழாய் அடைப்பா என்பதை நிமிஷங்களில் பிரித்துச் சொல்ல வேண்டும். இரண்டுக்கும் மருத்துவம் நேரெதிர்.

எம்.ஆர்.ஐ.க்கு எக்ஸ்ரே தேவையில்லை. உடம்பெங்கும் இருக்கும் தண்ணீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் ஒவ்வொன்றும் நுண்ணிய காந்தம். வலுவான காந்தப்புலத்துக்குள் அவற்றை ஒழுங்குபடுத்தி, ரேடியோ அலையால் தட்டிவிட்டால், பழைய நிலைக்குத் திரும்பும்போது அவையே சிக்னல் கொடுக்கும். மூளையின் சாம்பல் பகுதி, வெள்ளைப் பகுதி, நீர் ஆகியவற்றில் திரும்பும் வேகம் வேறுபடுவதால் படத்தில் அவை பிரிந்து தெரிகின்றன. பெரிய மருத்துவமனைகளில் இருக்கும் 3 டெஸ்லா காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட ஏறத்தாழ 60,000 மடங்கு வலுவானது. பிரான்சின் சாக்ளே ஆய்வு மையத்தில் இருக்கும் இஸூல்ட் என்ற இயந்திரத்தின் புலம் 11.7 டெஸ்லா, காந்தத்தின் எடை மட்டும் 132 டன். அது எடுத்த முதல் மனித மூளைப் படங்கள் 2024 ஏப்ரலில் வெளியாயின.

இந்த உருவப் படம் சில சமயம் ஒரு மனிதரின் வாழ்க்கையையும் காட்டிக்கொடுக்கும். லண்டனில் டாக்சி உரிமம் வாங்க ஆயிரக்கணக்கான தெருக்களை மனப்பாடம் செய்து தேர்வு எழுத வேண்டும். எலினர் மக்வயரின் குழு அப்படித் தேறிய ஓட்டுநர்களைப் படமெடுத்து 2000-ல் முடிவை வெளியிட்டது. இடங்களை நினைவில் வைக்க உதவும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருந்தது. அதிலும் அதிக வருஷம் ஓட்டியவர்களுக்கு இன்னும் பெரிது.

தேர் நகரும் சத்தம்

உருவம் தெரிந்தால் போதுமா? அந்தக் கணத்தில் மூளை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதற்கு வேறு தடயம் வேண்டும்.

ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் அதைத் தேடப் போனது ஒரு விபத்தால். இளம் வயதில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினார். தம்பிக்கோ அண்ணனுக்கோ ஏதோ ஆபத்து என்று மனம் பதறினால் நம் வீடுகளில் உடனே போன் போடுவதைப் போல, தொலைவிலிருந்த அவருடைய சகோதரி அன்றைக்கே நலம் கேட்டுத் தந்தி கொடுக்க வைத்தார். என் மனம் எதையோ அனுப்பியிருக்கிறது என்று பெர்கர் நம்பினார். அந்த மன ஆற்றலை அளந்துவிடும் ஆசையோடு மருத்துவம் படித்து, ஜெனா நகரில் மனநல மருத்துவராக ஆண்டுக்கணக்கில் கருவிகளோடு மல்லுக்கட்டினார். 1924-ல் மனிதத் தலையிலிருந்து மூளையின் மின் அலைகளை முதன்முறையாகப் பதிவுசெய்தார். தனக்கே நம்பிக்கை வராமல் 5 வருஷம் கழித்து, 1929-ல்தான் அதை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாக இருந்தால் நொடிக்குச் சுமார் 10 முறை எழும் சீரான அலை. கண்ணைத் திறந்ததும் அது கலைந்துவிடும். உலகம் நம்பவில்லை. 1934-ல் கேம்பிரிட்ஜின் எட்கர் ஆட்ரியன் அதே சோதனையைச் செய்து காட்டிய பிறகே பெர்கருக்கு மரியாதை வந்தது. அவர் தேடிய தொலைவுணர்வு கிடைக்கவில்லை, இ.இ.ஜி. கிடைத்தது.

ஒரே ஒரு நரம்பணுவின் மின் சலனம் எலும்பையும் தோலையும் தாண்டி வெளியே எட்டாது. தேர்வடத்தை ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. ஆயிரம் பேர் ஒரே மூச்சில் இழுத்தால் அசையும். இ.இ.ஜி.யும் அப்படி: ஒரே திசையில் அமைந்த பல்லாயிரம் நரம்பணுக்கள் சேர்ந்து இயங்கும்போதுதான் தலைத்தோலில் ஒட்டிய மின்முனைக்கு ஏதாவது எட்டும். எட்டுவதும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். ஆனால் நேரத்தைப் பொறுத்தவரை இதற்கு ஈடு இல்லை. நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு மாற்றத்தையும் பிடித்துவிடும். வலிப்பு நோயைக் கண்டறிய இன்றும் இதுதான் அடிப்படைக் கருவி. எங்கிருந்து வந்தது என்று கேட்டால்தான் தடுமாறும், ஏனென்றால் மண்டையோடு மின்சாரத்தைச் சிதறடித்துவிடுகிறது.

மின்சாரம் ஓடும் இடத்தில் காந்தப்புலமும் இருக்கும். அதை எலும்பு சிதறடிக்காது. 1968-ல் டேவிட் கோஹன் மூளையின் காந்தப்புலத்தை முதலில் அளந்தார். பூமியின் புலத்தோடு ஒப்பிட்டால் அது சுமார் 50 கோடியில் ஒரு பங்கு. அதனால்தான் எம்.இ.ஜி. எனும் இந்தச் சோதனைக்கு வெளிக் காந்தம் புகாத தனி அறையும், திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரிக்குக் குளிர்ந்த உணரிகளும் தேவைப்பட்டன. பெங்களூரு நிம்ஹான்ஸில் இப்படி ஒன்று இருக்கிறது.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990களில் அமெரிக்காவில் சந்தித்த புதிர் ஒன்றில் எம்.இ.ஜி. துணைக்கு வந்தது. கை துண்டிக்கப்பட்ட ஒருவரின் கன்னத்தைத் தொட்டால், இல்லாத விரலைத் தொட்டதாக அவர் சொன்னார். மூளையின் தொடு உணர்வு வரைபடத்தில் முகத்துக்கான இடமும் கைக்கான இடமும் பக்கத்துப் பக்கத்து வயல்கள். அறுந்த கையிலிருந்து சேதி வருவது நின்றதும், முகம் வரப்பைத் தாண்டி அந்த நிலத்தில் விவசாயம் செய்யத் தொடங்கியிருந்ததை எம்.இ.ஜி. பதிவு காட்டியது.

2018-ல் நாட்டிங்காம் பல்கலைக்கழகமும் லண்டன் ஆய்வாளர்களும் ஹீலியம் வேண்டாத, தலையில் மாட்டிக்கொள்ளும் எம்.இ.ஜி. கவசத்தை உருவாக்கினார்கள். அதை அணிந்தவர் தலையாட்டினார், பந்தடித்தார், தேநீர் குடித்தார். பதிவு நடந்துகொண்டே இருந்தது.

சர்க்கரையும் பந்தியும்

பெட் ஸ்கேன் என்றால் நம்மூரில் பலருக்குப் புற்றுநோய்ச் சோதனை ஞாபகத்துக்கு வரும். மூளையிலும் அது தேடுவது ஒன்றைத்தான்: சர்க்கரையை யார் அதிகம் சாப்பிடுகிறார்கள்? குளுக்கோஸ் மூலக்கூறைச் சற்றே மாற்றி, அதில் கதிரியக்க ஃப்ளூரினைச் சேர்த்து ஊசியாக ஏற்றுவார்கள். செல்கள் அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே இழுத்துக்கொள்ளும். ஆனால் முழுதாகச் செரிக்க முடியாமல் அது உள்ளேயே சிக்கிவிடும். ஃப்ளூரின் சிதையும்போது வெளிவரும் பாசிட்ரான் அருகிலுள்ள எலக்ட்ரானோடு மோதி அழியும். இரண்டு காமா கதிர்கள் எதிரெதிர்த் திசையில் பறக்கும். சுற்றியிருக்கும் உணரிகள் அந்த இரட்டையரை ஒரே நேரத்தில் பிடித்து, இந்தக் கோட்டில்தான் எங்கோ கிளம்பியது என்று குறித்துக்கொள்ளும். இப்படி மனிதருக்கு முதல் ஊசி போடப்பட்டது 1976-ல், பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில். 110 நிமிஷத்துக்கு ஒருமுறை ஃப்ளூரினின் கதிரியக்கம் பாதியாகிவிடும் என்பதால், தயாரிக்கும் இடத்திலிருந்து மருத்துவமனைக்கு மருந்து ஓட்டமாக ஓடி வர வேண்டும்.

இதே தந்திரத்தில் சர்க்கரைக்குப் பதிலாக வேறு மூலக்கூறை அனுப்பலாம். அல்சைமர் நோயாளிகளின் மூளையில் படியும் அமிலாய்டு புரதத்தைப் பார்க்க முன்பெல்லாம் அவர்கள் இறக்கும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிட்ஸ்பர்க்கில் உருவான ஒரு சேர்மம் 2002-ல் ஸ்வீடனின் உப்சாலாவில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. அமிலாய்டில் போய் ஒட்டிக்கொள்வது அதன் வேலை. உயிரோடு இருப்பவரின் மூளையிலேயே அந்தப் படிவு தெரிந்தது.

ஊசியே இல்லாமல் செய்ய முடியுமா? அதற்கான சாவி ரத்தத்திலேயே இருந்தது. ஆக்ஸிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கும், அதை இறக்கிவிட்ட ஹீமோகுளோபினுக்கும் காந்தத் தன்மை வேறு என்று லைனஸ் பாலிங் 1936-லேயே கண்டிருந்தார். 1990-ல் பெல் ஆய்வகத்தில் செய்ஜி ஒகாவா எலிகளின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ரத்தக்குழாய்கள் கறுப்புக் கோடுகளாக விழுந்தன. எலி சுத்தமான ஆக்ஸிஜனைச் சுவாசித்ததும் கோடுகள் மறைந்தன. ஆக்ஸிஜனை இழந்த ரத்தம் சுற்றியிருக்கும் சிக்னலைக் கெடுக்கிறது. ஆக்ஸிஜன் நிறைந்த ரத்தம் கெடுப்பதில்லை. எஃப்.எம்.ஆர்.ஐ. பிறந்தது அங்கேதான்.

இதில் ஒரு முரண் உண்டு. மூளையின் ஒரு பகுதி வேலை செய்தால் அங்கே ஆக்ஸிஜன் செலவாகும். எனவே சிக்னல் குறைய வேண்டும் அல்லவா? நடப்பது தலைகீழ். நல்ல கல்யாணப் பந்தியில் ஒருவர் சாம்பார் கேட்டால் வாளியோடு நாலு பேர் ஓடி வருவார்கள். இலையில் விழுவது அவர் சாப்பிடுவதைவிட அதிகமாகவே இருக்கும். மூளையும் செலவுக்கு மேல் ரத்தத்தை அனுப்பிவைக்கிறது. அதனால் அந்த இடத்தில் ஆக்ஸிஜன் கூடி, சிக்னல் உயர்கிறது.

பரிமாறுபவர் வர நேரமாகும். நரம்பணு பேசி முடித்து 5, 6 நொடி கழித்தே ரத்தத்தின் உச்சம் வரும். படத்தின் மிகச்சிறிய கட்டமான வாக்சல் ஒவ்வொன்றுக்குள்ளும் லட்சக்கணக்கான நரம்பணுக்கள் இருக்கும். எங்கே என்பதை எஃப்.எம்.ஆர்.ஐ. மில்லிமீட்டரில் சொல்லும், எப்போது என்பதில் கோட்டை விடும். இ.இ.ஜி.க்கு இது நேர்மாறு. அதனால்தான் இரண்டையும் ஒன்றாகவே மாட்டிச் சோதிப்பவர்களும் உண்டு.

செத்த மீன் சொன்ன பதில்

2009-ல் கிரெய்க் பென்னட்டும் கூட்டாளிகளும் ஒரு சால்மன் மீனை ஸ்கேனருக்குள் வைத்தார்கள். மனிதர்கள் பல சூழ்நிலைகளில் இருக்கும் புகைப்படங்களைக் காட்டி, படத்தில் இருப்பவர் என்ன உணர்கிறார் என்று முறைப்படி அதனிடம் கேட்டார்கள். மீன் அதற்கு முன்பே செத்திருந்தது. வழக்கமான ஒரு கணக்கீட்டில் போட்டுப் பார்த்தால், அதன் மூளைப் பகுதியில் சில புள்ளிகள் வேலை செய்வதாக வந்தது.

லட்சம் பேரைக் கூட்டி ஆளுக்குப் பத்து முறை நாணயத்தைச் சுண்டச் சொன்னால், சுமார் நூறு பேருக்குப் பத்து முறையும் தலையே விழும். அவர்களுக்கு அபூர்வ சக்தி இருப்பதாக யாரும் சொல்ல மாட்டோம். ஸ்கேனிலும் பல்லாயிரம் வாக்சல்கள் தனித்தனியாகச் சோதிக்கப்படுகின்றன. சில தற்செயலாகவே தேறிவிடும். அதற்கான திருத்தத்தைப் போட்டதும் மீனின் சிந்தனை காணாமல் போனது. 2012-ல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் பரிசு கிடைத்தது, சிரிக்க வைத்துப் பிறகு யோசிக்க வைத்ததற்காக. 2016-ல் ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் ஆய்வாளர்கள் இன்னொரு குண்டைப் போட்டார்கள்: பரவலாகப் பயன்பட்ட மென்பொருள்களில் சில முறைகள் 5 சதவீதம் இருக்க வேண்டிய பொய் முடிவுகளை 70 சதவீதம் வரை கொடுக்கக்கூடும்.

பத்திரிகைகளில் நாம் பார்க்கும் ஆரஞ்சு நிற மூளையில் அந்த நிறம் கணினி பூசியது. இரண்டு நிலைகளுக்கு இடையிலான வித்தியாசம் புள்ளியியல் எல்லையைத் தாண்டியது என்பதுதான் அதற்குப் பொருள். மற்ற இடங்கள் தூங்குகின்றன என்பது அல்ல. ஸ்கேனருக்குள் ஒருவர் சும்மா படுத்திருந்தாலும் மூளை ஓய்வதில்லை. 1995-ல் விஸ்கான்சினில் ஆராய்ச்சி மாணவராக இருந்த பரத் பிஸ்வால், இரைச்சல் என்று ஒதுக்கப்பட்ட மெதுவான ஏற்ற இறக்கங்களைக் கூர்ந்து பார்த்தார். விரலை அசைக்காதபோதும் இடது, வலது இயக்கப் பகுதிகள் ஒரே தாளத்தில் ஏறி இறங்கின. இன்று மூளையின் இணைப்புகளை வரையும் ஒரு பெரிய ஆய்வுத் துறையே அந்த இரைச்சலின் மேல் நிற்கிறது.

ஆமாம் என்றால் டென்னிஸ்

2005-ல் இங்கிலாந்தில் சாலை விபத்தில் சிக்கிய 23 வயதுப் பெண் ஒருவர், கண் விழித்தும் எதற்கும் பதில் தராத நிலையில் இருந்தார். சுயநினைவு இல்லை என்பது மருத்துவர்களின் முடிவு. கேம்பிரிட்ஜில் ஏட்ரியன் ஓவனின் குழு அவரை எஃப்.எம்.ஆர்.ஐ.யில் படுக்கவைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. இயக்கத்தைத் திட்டமிடும் பகுதியில் சிக்னல் எழுந்தது. வீட்டுக்குள் அறை அறையாக நடப்பதாக நினைக்கச் சொன்னபோது இடத்தை உணரும் பகுதிகளில் எழுந்தது. நலமாக இருப்பவர்களின் பதிவுக்கும் அவருடையதற்கும் வேறுபாடு தெரியவில்லை.

2010-ல் அதே வழியைக் கேள்வி பதிலாக மாற்றினார்கள். ஆமாம் என்றால் டென்னிஸ், இல்லை என்றால் வீடு. பெல்ஜியத்தின் லியேஜிலும் கேம்பிரிட்ஜிலும் சோதிக்கப்பட்ட 54 நோயாளிகளில் 5 பேரால் சொன்னபடி மூளையை இயக்க முடிந்தது. அவர்களில் ஓர் இளைஞர் தன் அப்பாவின் பெயர் போன்ற 6 கேள்விகளில் ஐந்துக்குச் சரியாகப் பதில் சொன்னார். மோசோவிடம் பெர்ட்டினோ வாயால் ஆமாம் என்றார், கோடு பின்னால் வந்தது. இந்த இளைஞரிடம் கோடு மட்டுமே இருந்தது. 2012-ல் கனடாவில், 12 ஆண்டுகளுக்கு மேல் பேச்சற்றுக் கிடந்த ஒருவரிடம் ஓவன், உங்களுக்கு வலிக்கிறதா என்று கேட்டார். ஸ்கேனர் காட்டிய பதில்: இல்லை.

எஃப்.எம்.ஆர்.ஐ. எல்லா ஊரிலும் இல்லை. உடம்பில் சில வகை உலோகம் இருப்பவரையோ, நடுக்கம் நிற்காதவரையோ அதில் படுக்கவைக்க முடியாது. அதனால் பெர்கரின் இ.இ.ஜி. மறுபடி படுக்கையருகே வந்திருக்கிறது. இரண்டையும் கொண்டு பல நாட்டு மையங்களில் நடந்த ஆய்வு 2024-ல் வெளியானது. வெளியே எந்தப் பதிலும் காட்டாத 241 பேரில் 60 பேரின் மூளை கட்டளையைக் கேட்டு இயங்கியது. நாலில் ஒருவர்.

அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கையை அசையுங்கள் என்றால் கண்ணெதிரே அசைத்துக் காட்டக்கூடிய 112 நோயாளிகளையும் இதே கருவிகளால் சோதித்தார்கள். அவர்களில் 43 பேரின் மூளையில் மட்டுமே கருவி எதையாவது பிடித்தது. மீதி 69 பேர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். கையை அசைத்தும் காட்டினார்கள். கருவிக்குத்தான் தெரியவில்லை.